கேட்காமல் வைத்திருக்கும் ஒரு கேள்வி

கேள்வி: எனக்கு 34 வயது. 14 மாதங்களுக்கு முன் ஒரு கார் விபத்தில் என் தம்பி இறந்துவிட்டான். அவனுக்கு 27 வயது. காரை ஓட்டியது என் கணவர். நான் அன்று கூடப் போகவில்லை. எதிரே வந்த வண்டி தடம் மாறி வந்து மோதியது, இவர்மேல் தப்பில்லை என்று போலீஸ் விசாரணையில் முடிந்துவிட்டது. அந்த ராத்திரி எனக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னதும் இவர்தான். தோள்பட்டையில் எலும்பு முறிந்தது, அது சேர்ந்துவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு இவர் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. அந்தச் சாலைப் பக்கம் போவதில்லை, சுற்றித்தான் போகிறார். வேறு யாராவது ஓட்டினாலும் இவருடைய வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருக்கிறது. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். தெரிந்த டாக்டர் ஒருவர் எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரை போடுகிறார். சின்ன விஷயத்துக்கெல்லாம் கத்துகிறார். ஒருமுறை போனைச் சுவரில் வீசினார். என்னை அடித்ததில்லை. நான் தம்பியை நினைத்து அழுதால் எழுந்து வெளியே போய்விடுகிறார். "அன்னிக்கு நானும் போயிருந்தா எல்லாருக்கும் நிம்மதி" என்று அவ்வப்போது சொல்வார்.

தம்பி அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்களைத் தினமும் ராத்திரி ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்கிறேன். "இன்னுமா?" என்கிறார்கள். என் அம்மா இவரோடு பேசுவதில்லை. ஓட்டும்போது தூக்கம் வந்ததா என்று இவரிடம் ஒரு தடவையாவது கேட்டுவிட வேண்டும் என்று இருக்கிறது. கேட்டதில்லை. கவுன்சலிங் போகலாம் என்றால், "பேசினா போனவன் வந்துடுவானா?" என்கிறார். விபத்து நடந்த வாரமே ஆஸ்பத்திரியில் ஒருவர் வந்து எல்லாவற்றையும் சொல்ல வைத்தாராம், அதிலிருந்து அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. நாங்கள் சேர்ந்து போக வேண்டுமா, தனித்தனியாகவா? பிரிந்துவிடலாமா என்றுகூடச் சில நாள் தோன்றுகிறது. ஆறு வயது மகளிடம், மாமா வெளியூர் போயிருக்கிறார் என்று சொல்லி வைத்திருக்கிறோம்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் கேட்டவற்றுக்கு வருகிறேன். அதற்கு முன், போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரியைப் பற்றிப் பேசியாக வேண்டும். "நானும் போயிருந்தா எல்லாருக்கும் நிம்மதி" என்று உங்கள் கணவர் சொல்கிறார். இதைச் சொல்கிற எல்லோரும் தற்கொலைக்கு முயல்வதில்லை. தான் மட்டும் பிழைத்துவிட்ட விபத்துக்குப் பிறகு இப்படி ஒரு எண்ணம் வருவது சகஜம். ஆனால் குற்ற உணர்ச்சி, தூக்கமின்மை, கையெட்டும் தூரத்தில் மாத்திரை, இந்த மூன்றும் ஒரே வீட்டில் இருக்கும்போது அதைச் சும்மா ஒரு பேச்சு என்று நான் விட மாட்டேன்.

அவரிடம் நேராகவே கேளுங்கள். "செத்துடலாம்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சிருக்கீங்களா?" என்று இதே வார்த்தைகளில் கேட்கலாம். கேட்டால் நாமே எடுத்துக் கொடுத்ததாகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம், பலருக்குக் கேட்கப்படுவதே ஆசுவாசமாக இருக்கிறது. "தோணும், ஆனா செய்ய மாட்டேன்" என்றால் அதை அப்படியே ஒரு மனநல மருத்துவரிடம் சொல்லி, இந்த வாரமே நேரம் வாங்குங்கள். எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருந்தால் அவரைத் தனியாக விடக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். எந்தப் பதில் வந்தாலும் சரி, மாத்திரை அட்டை உங்கள் பொறுப்பில் இருக்கட்டும், அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் எடுத்துக் கொடுங்கள். ஆனால் மாத்திரையைத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். பல தூக்க மாத்திரைகளை மருத்துவர் மேற்பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

சரி, இப்போது உங்கள் வீட்டுக்குள் வருவோம்.

உங்கள் கடிதத்தைப் படிக்கிறவர்களுக்கு, ஒரு துக்கம், அதனால் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை என்றுதான் தோன்றும். எனக்கு இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் தெரிகின்றன. உங்களுக்கு இருப்பது துக்கம். அவருக்குத் துக்கத்தோடு வேறொன்றும் இருக்கிறது. இரண்டும் ஒரே ராத்திரியில் தொடங்கியதால் ஒன்று போலத் தெரிகின்றன. ஆனால் துக்கத்துக்கு இறந்தவரைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும், அவருக்கு வந்திருப்பதற்கோ அந்தப் பேச்சு காதில் விழவே கூடாது. அதனால்தான் நீங்கள் ஒருவருக்கொருவர் ஆறுதலாக இருக்க முடியாமல், ஒருவர் காயத்தை ஒருவர் கிளறிக்கொண்டிருக்கிறீர்கள்.

கடிதத்தை வைத்து நான் நோய்க்குப் பெயர் சூட்ட முடியாது, சூட்டவும் கூடாது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளைப் பார்க்கும் எந்த ஆலோசகரும் பி.டி.எஸ்.டி., அதாவது பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு இருக்கிறதா என்று முதலில் சோதிப்பார். 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் இந்தப் பெயர் ஏறியது. போர்முனையிலிருந்து திரும்பியவர்களுக்கு மட்டும் வருவது என்று இன்னமும் பலர் நினைக்கிறார்கள். சாலை விபத்தில் தப்பியவர்களிடமும் இதை ஆலோசகர்களான நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். நடந்தது கனவிலும் நினைவிலும் கேட்காமலே வந்து நிற்கும். அதை நினைவூட்டும் இடம், ஆள், பேச்சு எல்லாவற்றையும் மனிதர் தவிர்ப்பார். தன்னைப் பற்றியும் உலகத்தைப் பற்றியும் மனம் கறுத்துப்போகும். உடம்பு எந்நேரமும் காவலுக்கு நிற்கும், அதில் தூக்கம் போகும், கோபம் வரும். இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்க்கையைக் குலைத்தால் மருத்துவ உதவி வேண்டும். நீங்கள் 14 மாதங்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

தரையை அழுத்தும் அந்த வலது காலை எடுத்துக்கொள்ளுங்கள். அது இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கிறது. அவர் யோசித்துச் செய்வதில்லை, அவருக்கே தெரியாமல்கூட இருக்கலாம். விபத்து முடிந்துவிட்டது என்று அவருடைய அறிவுக்குத் தெரியும். கால் இன்னும் அதை நம்பவில்லை.

நீங்கள் அழுதால் அவர் எழுந்து போவதற்கு வருகிறேன். இதுதான் உங்களை அதிகம் நோகடித்திருக்கிறது என்று கடிதத்தைப் படிக்கும்போதே தெரிந்தது. நெஞ்சில் ஈரமில்லாத மனுஷன் என்று நினைத்திருப்பீர்கள். அந்த ராத்திரி உங்களுக்குப் போன் செய்தது அவர்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அலறியதை அவர் போனில் கேட்டிருக்கிறார், உடைந்த தோளோடு, உங்கள் தம்பியை இழந்த அதே மணி நேரத்தில். எனக்குத் தோன்றுவது இது: உங்கள் அழுகைச் சத்தம் அவருக்கு இன்றைய அழுகையாகக் கேட்பதில்லை, அந்தப் போனில் கேட்ட சத்தமாகவே கேட்கிறது. ஹாரன் சத்தத்தைவிட அது அவரை வேகமாக அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும். அப்படிப்பட்டவர் எழுந்து போகத்தான் செய்வார். இது என் ஊகம். அவரிடமே கேட்டுப் பார்க்கலாம். ஆனால் அழும்போது வேண்டாம், வேறொரு நேரத்தில்.

இன்னொன்று. உங்கள் தம்பி அவருக்கு மச்சான். மச்சான் செத்தால் அழுவதற்கு ஒரு மனிதருக்கு எவ்வளவு இடம் கிடைக்கும் என்று யோசியுங்கள். வந்தவர்கள் உங்கள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பார்கள், உங்களைக் கட்டிக்கொண்டிருப்பார்கள். அவரிடம் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருப்பார்கள்: "எப்படி நடந்துச்சு?" ஊர் கணக்கில் சேர்க்காத இந்த மாதிரி துக்கத்தைப் பற்றிக் கென்னத் டோக்கா என்ற அமெரிக்க அறிஞர் 1989-இலிருந்தே எழுதிவருகிறார். முன்னாள் மனைவி, நண்பன், உடன் வேலை செய்தவர் என்று அந்தப் பட்டியல் நீளும். கார் ஓட்டியவர் என்பதையும் நான் அதில் சேர்ப்பேன். உங்கள் கணவர் மச்சானை இழந்தார் என்று இதுவரை யாராவது அவரிடம் சொல்லியிருக்கிறார்களா?

இப்போது உங்களைப் பற்றி.

"இன்னுமா?" என்று கேட்பவர்களுக்குப் பதில்: ஆமாம், இன்னும்தான். துக்கம் ஐந்து படிகளில் இறங்கி முடிந்துவிடும் என்று ஒரு கணக்கு உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று வரிசையாகச் சொல்வார்கள். எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-இல் எழுதியது அது. சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசி அவர் அதை எழுதினார், உறவைப் பறிகொடுத்தவர்களை வைத்து எழுதியதில்லை. துக்கத்தில் இருப்பவர்கள் அந்த வரிசையில் போவதாகப் பின்னால் வந்த ஆய்வுகளும் காட்டவில்லை. எந்தப் படியில் இருக்கிறேன் என்று என்னிடம் கேட்டு வருகிறவர்களுக்கு, அந்த ஏணியையே தூக்கி ஓரமாக வையுங்கள் என்றுதான் சொல்வேன்.

1999-இல் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் என்ற இருவர் நெதர்லாந்தில் சொன்ன கருத்து எனக்கு ஆலோசனை அறையில் அதிகம் உதவுகிறது. துக்கப்படுகிறவர் இரண்டு பக்கமும் போய்வந்துகொண்டிருப்பார் என்றார்கள். ஒரு நேரம் இறந்தவரை நினைத்து அழுவது, இன்னொரு நேரம் வேலை, குழந்தை, கட்ட வேண்டிய பில் என்று வாழ்க்கைப் பக்கம் திரும்புவது. இந்தப் போக்குவரத்துதான் ஆரோக்கியம். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு ராத்திரி ஹெட்போன் மாட்டிக்கொள்கிறீர்களே, அதில் எனக்குத் தப்பாக எதுவும் தெரியவில்லை. இறந்தவரோடு உறவை அறுத்துக்கொண்டால்தான் தேற முடியும் என்று ஒரு காலத்தில் எங்கள் துறையிலேயே நம்பினார்கள். 1990-களிலிருந்து அந்த எண்ணம் மாறிவிட்டது. வாய்ஸ் மெசேஜைக் கேளுங்கள். அதை இன்றைக்கே இன்னும் இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். போன்கள் தொலைகின்றன, சுவரில் மோதுகின்றன.

ஒரு எல்லையும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். சிலருக்குத் துக்கம் நகராமல் அப்படியே உறைந்து நின்றுவிடும். அதற்கு நீடித்த துக்கக் கோளாறு என்று பெயர். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு குறைந்தது ஆறு மாதம் என்கிறது. அமெரிக்கக் கையேட்டின் 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் பெரியவர்களுக்கு ஒரு வருடம் என்கிறது. நாள் கணக்கு மட்டும் போதாது. கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் ஆளை அமுக்கும் ஏக்கம், தன்னில் ஒரு பாதி செத்துவிட்டது போன்ற உணர்வு, இறந்ததை நம்ப முடியாமை, வாழ்வதில் அர்த்தமே இல்லை என்ற நினைப்பு, இவற்றால் வேலையும் உறவும் நின்றுபோவது என்று இவற்றில் பலவும் சேர்ந்து இருக்க வேண்டும். கேதரின் ஷியர் என்ற மனநல மருத்துவர் இதற்கென்றே உருவாக்கிய சிகிச்சை ஏறக்குறைய 16 அமர்வுகள் கொண்டது, நன்றாகவே பலன் தருகிறது. உங்களுக்கு அது தேவைப்படுமா என்பதை நேரில் பார்ப்பவர் சொல்லட்டும். உங்கள் துக்கம் உறைந்துவிட்டது போல் எனக்குப் படவில்லை. நடுவில் ஒரு கேள்வி அடைத்துக்கொண்டு நிற்கிறது.

"தூக்கம் வந்ததா?"

இந்தக் கேள்வியை நினைத்ததற்காக நீங்கள் வெட்கப்படுவது கடிதத்திலேயே தெரிகிறது. போலீஸ் விசாரணை முடிந்தது, அவர்மேல் தப்பில்லை, ஆனாலும் கேட்கத் தோன்றுகிறது. தோன்றத்தான் செய்யும். தம்பியின் கடைசி நிமிடங்களை அறிந்த ஒரே ஆள் பக்கத்திலேயே படுத்திருக்கிறார், அவரிடம் கேட்க முடியவில்லை. எனக்கு ஒரு சந்தேகம்: நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது தூக்கம் வந்ததா என்பதை மட்டும்தானா? இருவரும் என்ன பேசிக்கொண்டு வந்தார்கள், அவன் வலியில் இருந்தானா, உங்கள் பேரைச் சொன்னானா என்பதெல்லாம் அதன் பின்னால் வரிசையில் நிற்கின்றன என்று நினைக்கிறேன். இன்னொரு பக்கம், கோபப்பட ஒரு ஆள் வேண்டியிருக்கும். எதிர் வண்டிக்காரர் முகமே தெரியாதவர். கணவர் எதிரிலேயே இருக்கிறார். இது உங்களைக் கெட்டவர் ஆக்காது. ஆனால் கேட்பதற்கு முன், உங்களுக்குத் தகவல் வேண்டுமா, கோபத்தைக் கொட்ட ஒரு இடம் வேண்டுமா என்று பிரித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டும் சேர்ந்து ஒரே வாக்கியமாக வந்தால் அவருக்குக் குற்றச்சாட்டு மட்டும்தான் கேட்கும்.

அவர் பக்கத்தையும் யோசியுங்கள். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து உட்காருகிற மனிதர் என்ன செய்துகொண்டிருப்பார் என்று நினைக்கிறீர்கள்? பெரும்பாலும் அதே கேள்வியைத்தான் தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு நொடி முன்னால் ஒடித்திருந்தால், கிளம்பாமலே இருந்திருந்தால் என்று. முடிவு தெரிந்த பிறகு பின்னோக்கிப் பார்த்தால் எல்லாம் தடுத்திருக்கக்கூடியது போலத்தான் தெரியும்.

அதனால் அந்தக் கேள்வியை நடு ராத்திரியில், அழுகையின் நடுவில், மகள் பக்கத்து அறையில் இருக்கும்போது கேட்க வேண்டாம். முதலில் உங்கள் ஆலோசகரிடம் கேளுங்கள். அங்கே திட்டலாம், கத்தலாம், கணவரே கொன்றார் என்றுகூடச் சொல்லலாம். சொல்லித் தீர்த்த பிறகு மிச்சம் இருப்பதுதான் கணவரிடம் கேட்க வேண்டிய கேள்வி.

சேர்ந்தா, தனியாகவா என்ற கேள்விக்கு என் பதில் இதிலிருந்தே வருகிறது. முதலில் தனித்தனியாக, வேறு வேறு ஆலோசகரிடம். பிறகு சேர்ந்து. தம்பதியை ஆரம்பத்திலிருந்தே ஒன்றாக உட்காரவைத்துப் பி.டி.எஸ்.டி.க்குச் சிகிச்சை தருகிற முறையும் உண்டு, அதில் பயிற்சி பெற்றவர்கள் நன்றாகவே செய்கிறார்கள். ஆனால் உங்கள் விஷயத்தில் ஒருவர் துக்கத்துக்கு இன்னொருவர் காரணமோ என்ற சந்தேகமே நடுவில் கிடக்கிறது. இப்போது இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்தால் அது நீதிமன்றம் ஆகிவிடும், ஆலோசகர் நீதிபதி ஆகிவிடுவார் என்பது என் பயம். உங்கள் கணவர் முதல் அமர்விலேயே எழுந்து போவார், பிறகு வரவே மாட்டார்.

அந்தப் போனைச் சுவரில் வீசியதைப் பற்றியும் கேட்டுவிடுகிறேன். அடித்ததில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் கத்தும்போது உங்களுக்கு அவர்மேல் பயம் வருகிறதா? மகள் ஓடி ஒளிகிறாளா? ஆம் என்றால் சேர்ந்து போகும் பேச்சையே தள்ளி வைத்துவிட்டு உங்கள் ஆலோசகரிடம் அதை முதலில் சொல்லுங்கள். அதிர்ச்சி ஒருவருடைய கோபத்தை விளக்கலாம், அதற்காக நீங்கள் அதைத் தாங்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

அவர் வர மறுப்பதற்கு நியாயமான காரணம் ஒன்று இருக்கிறது, ஆஸ்பத்திரியில் முதல் வாரம் நடந்தது. விபத்து நடந்த கையோடு ஒருவரை ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்ல வைப்பது ஒரு காலத்தில் நல்ல நோக்கத்தோடு பரவலாகச் செய்யப்பட்டது. அது பி.டி.எஸ்.டி. வராமல் தடுப்பதில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்யலாம் என்று தெரிந்த பிறகு உலக சுகாதார நிறுவனமே அதைப் பரிந்துரைப்பதில்லை. ஆகவே "அன்னிக்கு உங்களைப் பேச வெச்சது சரியில்லை, உங்களுக்குப் பிடிக்காததில் ஆச்சரியமே இல்லை" என்று நீங்கள் சொன்னால் அது பொய்யாகாது. அவர் பக்கம் நின்று ஒருவர் பேசி ரொம்ப நாள் ஆகியிருக்கும்.

உண்மையான சிகிச்சை அப்படி நடக்காது. நல்ல ஆலோசகர் முதல் நாளே விபத்தைச் சொல்லுங்கள் என்று கேட்க மாட்டார். தூக்கம் எப்படி, பசி எப்படி, எதையெல்லாம் தவிர்க்கிறீர்கள், வீட்டில் யார் யார் என்று கேட்பார். எதைச் சொல்வது, எங்கே நிறுத்துவது என்பது வருகிறவர் கையில் இருக்கும். பிறகு முறையைப் பொறுத்து வழி மாறும். ஒரு முறையில் அந்தச் சம்பவத்தைக் கண்ணை மூடி, இப்போது நடப்பது போலத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பார்கள். கூடவே, தவிர்த்துவந்த இடங்களுக்குப் படிப்படியாகத் திரும்ப வைப்பார்கள். உங்கள் கணவருக்கு அது, நின்றிருக்கும் காரில் ஓட்டுநர் இருக்கையில் சாவி போடாமல் சும்மா உட்கார்ந்திருப்பதிலிருந்து தொடங்கலாம். பத்து நிமிடம், இருபது நிமிடம். முதலில் நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை வேர்க்கும். எழுந்து ஓடாமல் உட்கார்ந்திருந்தால், பயந்தபடி எதுவும் நடக்கவில்லை என்று உடம்பு தானே கற்றுக்கொள்ளும். அடுத்த வாரம் இன்ஜினை மட்டும் போடுவது, அப்புறம் தெரு முனை வரை போய்வருவது. அந்தச் சாலை கடைசியில்தான் வரும்.

இன்னொரு முறை எண்ணங்களைப் பிடித்து ஆராய்வது, வழக்கமாக 12 அமர்வுகள். "நான்தான் கொன்றேன்" என்ற வாக்கியத்தைத் தாளில் எழுத வைத்து, அதற்கு என்ன ஆதாரம் என்று கேட்பார்கள். அந்த நேரத்தில் உங்களுக்கு என்ன தெரிந்திருந்தது, எது பிறகுதான் தெரிந்தது, உங்கள் நோக்கம் என்ன என்று பிரிப்பார்கள். வேண்டுமென்று செய்தது, கவனக்குறைவு, முன்கூட்டித் தெரிந்திருக்கவே முடியாதது மூன்றும் வேறு வேறு. குற்ற உணர்ச்சியில் இருப்பவருக்கு மூன்றும் ஒன்றாகத் தெரியும். உங்கள் கணவருக்கு இந்த முறை பொருந்தும் என்று எனக்குப் படுகிறது. மூன்றாவது ஈ.எம்.டி.ஆர். 1980-களின் இறுதியில் பிரான்சின் ஷாப்பிரோ உருவாக்கியது. நினைவை மனத்தில் வைத்துக்கொண்டே ஆலோசகரின் விரல் அசைவைக் கண்ணால் தொடர வேண்டும். கேட்க விநோதமாக இருக்கும், கண் அசைவு ஏன் உதவுகிறது என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. பலன் கிடைப்பது மட்டும் உண்மை. அதிகம் பேசப் பிடிக்காதவர்களுக்கு இது ஒத்துப்போவதையும் பார்க்கிறோம். மருந்து தேவையா என்பதை மனநல மருத்துவர் முடிவு செய்வார். இந்தக் கோளாறுக்கென்று பலன் தெரிந்த மருந்துகள் இருக்கின்றன. தூக்க மாத்திரை அந்த வகையில் சேராது.

"பேசினா போனவன் வந்துடுவானா?" என்பதற்கு நேர்மையான பதில், வர மாட்டான் என்பதுதான். அதை ஒத்துக்கொண்டே பேச்சைத் தொடங்குங்கள். "அவன் வர மாட்டான். உங்க தூக்கமாவது வரட்டும்." துக்கம், அதிர்ச்சி, மனம் என்ற பேச்சையே எடுக்க வேண்டாம், தூக்கத்தில் தொடங்குங்கள். மூன்று மணிக்கு எழுந்து உட்காருவது அவருக்கே பிடித்திருக்காது. அதற்காக ஒரு மருத்துவரைப் பார்ப்பதில் மானப் பிரச்சினையும் குறைவு. அவர் அசையவில்லை என்றால் காத்திருக்காமல் நீங்கள் போகத் தொடங்குங்கள். வீட்டில் ஒருவர் போய்வர ஆரம்பித்து, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கண்ணால் பார்த்த பிறகு மற்றவர் வருவது நான் அடிக்கடி பார்க்கிற விஷயம். வராமலே இருப்பவர்களும் உண்டு. அப்போதும் நீங்கள் போனது வீண் இல்லை.

அம்மா விஷயத்தில் ஒன்றே ஒன்று. அவர் பிள்ளையைப் பறிகொடுத்தவர், மாப்பிள்ளையிடம் பேச முடியாவிட்டால் அது அவருடைய துக்கம். சமாதானம் செய்து வைப்பதை உங்கள் வேலையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். "அவரைப் பத்தி என்கிட்ட பேச வேண்டாம்மா, தம்பியைப் பத்திப் பேசலாம்" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள்.

மகளிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள், இந்த மாதமே. வெளியூர் போனவர் திரும்பி வருவார் என்று அவள் காத்திருக்கிறாள், நாளைக்கு அப்பா வெளியூர் கிளம்பினாலும் பயப்படுவாள். "மாமா ஒரு விபத்தில் செத்துப்போயிட்டார். செத்துப்போனா உடம்பு வேலை செய்யாது, திரும்பி வர முடியாது. இது உன்னால நடக்கலை." இவ்வளவு போதும். தூங்குகிறார், சாமிகிட்ட போயிருக்கார் என்பதெல்லாம் ஆறு வயதுக்குக் குழப்பம். அவள் ஒரு நிமிடம் அழுதுவிட்டு விளையாடப் போவாள், பிறகு பத்து நாள் கழித்து மறுபடி கேட்பாள். குழந்தைகளின் துக்கம் அப்படித்தான். அப்பா ஓட்டிய கார் என்பதையும் அவள் ஒருநாள் யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்வாள். அது உங்கள் இருவரிடமிருந்து வருவது நல்லது. அதை எப்படிச் சொல்வது என்பதே நீங்கள் இருவரும் சேர்ந்து போகும்போது பேச வேண்டிய முதல் விஷயமாக இருக்கலாம்.

பிரிவதைப் பற்றி நினைத்தது தவறில்லை. அடி, மிரட்டல், பயம் இருந்தால் நாளைக்கே கிளம்பலாம், யாரையும் கேட்க வேண்டாம். அது இல்லாத பட்சத்தில், அவருக்குச் சிகிச்சை தொடங்கி சில மாதங்கள் ஆகும் வரை இந்த முடிவைத் தள்ளிப்போடச் சொல்வேன். இப்போது நீங்கள் வாழ்ந்துகொண்டிருப்பது தூங்காத ஒரு மனிதரோடு. தூங்கி எழுந்த பிறகும் அவர் இப்படியே இருந்தால் அப்போது முடிவு செய்யுங்கள். இழப்பு வந்தால் கல்யாணம் உடையும் என்று யாராவது சதவீதக் கணக்கெல்லாம் சொல்லிப் பயமுறுத்தினால் நம்பாதீர்கள். பிள்ளையை இழந்த பெற்றோரைப் பற்றிச் சுற்றிவரும் அந்தப் பெரிய எண்களுக்கே ஆதாரம் கிடையாது.

ஆலோசகரைத் தேடும்போது போனிலேயே சில விஷயங்களைக் கேட்டுவிடலாம், தயங்க வேண்டாம். அதிர்ச்சிக்கான சிகிச்சையில் எங்கே பயிற்சி பெற்றீர்கள், எந்த முறையைப் பயன்படுத்துகிறீர்கள், சுமார் எத்தனை அமர்வு ஆகும், முன்னேற்றத்தை எப்படி அளப்பீர்கள் என்று கேளுங்கள். "எல்லாம் பேசிப் பேசிச் சரியாகிவிடும்" என்று மட்டும் சொல்பவரை விட்டுவிட்டு அடுத்தவரைப் பாருங்கள். இருவர் சொல்வதும் ரகசியமாக இருக்குமா, எந்தச் சூழ்நிலையில் அந்த ரகசியத்தை மீறுவார்கள் என்பதையும் முதல் அமர்விலேயே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மீறுவார்கள், மீறத்தான் வேண்டும். முதல் மூன்று நான்கு அமர்வுகளுக்குப் பிறகும் அந்த ஆலோசகரிடம் மனம் ஒட்டவில்லை என்றால் சொல்லிவிட்டு மாறலாம். எங்களில் யாரும் அதற்காகக் கோபித்துக்கொள்ளக் கூடாது.